டண்டீ துரையின் வாரிசு

ஜெயசீலன் டங்கனுக்குத் தன் உடம்பில் ஓடுவது ஸ்காட்லாந்து ரத்தம் என்பதில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அபுதாபி வெயிலில் இருபத்தாறு வருஷம் அலைந்து மேல்தோல் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்த பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பேர் அலெக்சாண்டர் டங்கன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து செத்துப்போனவர். அந்த வாத்தியாரைப் பெற்றவரும் ஒரு அலெக்சாண்டர் டங்கன்தான், டண்டீ என்ற ஊரிலிருந்து கப்பலேறி வந்த துரை என்பது குடும்பத்தில் சொல்லிவந்த கதை. எப்போது வந்தார், என்ன வேலைக்கு வந்தார், யாரைக் கட்டினார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத இடத்தையெல்லாம் ஜெயசீலன் தன் சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பி வைத்திருந்தார். சாதாரண விருந்தாளி என்றால் துரைக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. கொஞ்சம் பெரிய ஆள் என்றால் தேயிலைத் தோட்டம். கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் முன்னால் பேசும்போது மட்டும் தோட்டம் போய்க் கோட்டை வந்துவிடும்.

டாக்டர் சர்க்கரை கூடாது என்று சொன்னதிலிருந்து சர்க்கரை இல்லாத டீ ஸ்காட்லாந்துப் பழக்கமாகிவிட்டது. ஏசியைப் பதினெட்டில் வைத்துப் போர்வை இல்லாமல் படுப்பார். குளிர் நமக்குப் பிறவியிலேயே பழக்கம் என்பார். காலையில் அவர் தும்மும் தும்மலில் பக்கத்து ஃபிளாட்காரர் எழுந்துகொள்வார், மனைவி பிரபாவதி வென்னீர் வைத்து ஆவி பிடிக்கச் சொல்வாள். போன வருஷம் துரைமார் உடுத்தும் கட்டம்போட்ட பாவாடை ஒன்று தைக்கலாமென்று துணி வாங்கிக்கொண்டு முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பாகிஸ்தான் பட்டாணித் தையல்காரனிடம் போனார். அவன் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, பொண்ணு எந்த ஸ்கூல் பாய், எத்தனாவது படிக்குது என்று கேட்டானாம். இதை ஜெயசீலன் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போயிருந்த பிரபாவதி எல்லாரிடமும் சொன்னாள்.

அவருக்கு முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மந்தூப் வேலை. அதாவது ஆளுக்கு விசா அடிக்க, லேபர் கார்டு எடுக்க, மெடிக்கலுக்குக் கூட்டிப்போக, அரசாங்க ஆபீஸ் வாசல்வாசலாய் ஏறி இறங்க அவர்தான். முத்திரை விழாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிக்கமாட்டார். முத்திரை விழுந்துவிட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும்மாட்டார். நாலாயிரம் பேருக்கு விசா அடித்த அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று: படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. காலிக் கட்டம் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அம்மா பேர் தெரியாதவனுக்கு மேரி என்று போடுவார், பிறந்த ஊர் தெரியாதவனுக்குச் சென்னை. கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும், காரியம் நடக்கும், கலாஸ், அவ்வளவுதான்.

இந்த நிம்மதியான வாழ்க்கையில் அவருடைய ஒரே மகள் இளவேனில் கல்லைப் போட்டாள். இருபத்துநாலு வயது, அபுதாபியில் பிறந்து வளர்ந்தவள், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஒரு சனிக்கிழமை இட்லிக்கு நடுவே, தான் சேதுபதியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சேதுபதி வேறு யாருமில்லை, ஜெயசீலன் கம்பெனியிலேயே ஃபேப்ரிகேஷன் பட்டறை ஃபோர்மேன். டிப்ளமோ படித்தவன், கை சுத்தம், குடி கிடையாது, நாற்பது வெல்டர்களைச் சத்தம் போடாமல் மேய்ப்பவன். ஜெயசீலனே பல தடவை அவனைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அவன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். பாஸ்போர்ட்டில் தகப்பன் பேராக இருப்பது இல்லத்து வார்டன் பேர்.

ஜெயசீலன் இட்லியை வைத்துவிட்டு எழுந்தார். நல்ல பையன்தான், யார் இல்லையென்றது, ஆனால் அப்பன் பேர் தெரியாதவனை எப்படி வீட்டுக்குள் விடுவது என்றார். நம்ம குடும்பம் என்ன, நம்ம ரத்தம் என்ன, டங்கன் என்ற பேருக்கு ஒரு மரியாதை இல்லையா என்றார். அரை மணி நேரம் பேசினார். துரை அன்றைக்குக் கோட்டை அளவுக்கு வளர்ந்திருந்தார்.

இளவேனில் அழவில்லை. அப்பாவின் பலவீனம் காகிதம் என்று அவளுக்குத் தெரியும்.

"நாலு தலைமுறைக்கு அப்பா பேர் காட்டுங்கப்பா. வாயால இல்ல, பேப்பர்ல. காட்டிட்டீங்கன்னா நான் சேதுவை விட்டுடறேன், ப்ராமிஸ். காட்ட முடியலன்னா அவன்கிட்ட அப்பா பேர் கேக்கறதை நீங்க விட்டுடணும்."

பிரபாவதி இந்தப் பந்தயம் வேண்டாம் என்று மகளைத் தடுத்துப் பார்த்தாள். அப்பாவும் மகளும் கேட்கவில்லை. ஜெயசீலனுக்கு உள்ளூரச் சந்தோஷம். இருபத்தாறு வருஷம் ஊர்பேர் தெரியாதவனுக்கெல்லாம் காகிதம் தேடியவர், கடைசியில் தன் துரைக்கே தேடப் போகிறார்.

மூன்று தலைமுறை சுலபமாகக் கிடைத்தது. அவருடைய அப்பா பேர் பாஸ்போர்ட்டில் இருந்தது, தாத்தா பேர் அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில், கொள்ளுத்தாத்தா பேர் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டில். நாலாவதுதான் துரை. அதற்கு ஜெயசீலன் ஸ்காட்லாந்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கும் இணையதளத்தில் பணம் கட்டிச் சேர்ந்தார். முதல் நாளே பயந்துவிட்டார். நம்ம ஊரில் முருகன் மாதிரி அங்கே அலெக்சாண்டர் டங்கன். டண்டீயில் மட்டும் முப்பத்தொன்பது பேர். ஒருவன் பேக்கரிக்காரன், ஒருவன் திமிங்கில வேட்டைக்காரன், ஒருவன் குடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன். ஜெயசீலன் மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொருவரையும் பார்த்துக் கழித்தார். கடைசியில் 1846-இல் பிறந்து சணல் மில்லில் உத்தியோகம் பார்த்த ஒருவரைப் பிடித்துப்போயிற்று. சணலென்றால் இந்தியா, இந்தியாவென்றால் கப்பல். வந்துவிட்டார் துரை. அவர் கப்பலேறியதற்கு மட்டும் எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. பெரிய மனுஷன், டிக்கெட் எடுத்தா வருவான் என்று ஜெயசீலன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இந்தியப் பக்கத்துக்கும் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. ஊரில் மிஷன் கோயில் ஆபீசுக்கு நூறு தடவை போன் அடித்து, கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைப் போட்டோ பிடித்து அனுப்ப வைத்தார். பாதிப் பக்கம் கரையான் தின்றிருந்தது. வருஷம் 1878. பிள்ளையின் பேர் அலெக்சாண்டர் டங்கன், வயது சுமார் ஆறு. தகப்பன் பேர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. கரையான் தின்னவில்லை, எழுதவேயில்லை. பக்கத்தின் ஓரத்தில், குறிப்பு என்ற இடத்தில், "அலெக்சாண்டர் டங்கன், டண்டீ" என்று மறுபடியும் ஒரு வரி, அதற்குமேல் பெரிய ஓட்டை.

அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஜெயசீலன் தனக்குப் பழக்கமான டைப்பிங் சென்டருக்குப் போனார். அங்கே கீழக்கரைப் பெண் மாஹிரா, அரபியில் மொழிபெயர்த்து முத்திரை வைத்துத் தருபவள். வீட்டில் காட்டப்போகிற காகிதத்துக்கு அரபி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மந்தூப் ஒருத்தருக்கு அரபியும் முத்திரையும் இல்லாவிட்டால் காகிதம் அம்மணமாக நிற்கும் என்பது அவளுக்கும் தெரியும். அவளுடைய கம்ப்யூட்டரில் ஞானஸ்நானச் சீட்டுக்கென்று ஒரு படிவம் இருந்தது. பிள்ளை பேர் அடித்தாள், வருஷம் அடித்தாள், தகப்பன் பேருக்கு வந்து நின்றாள். அது காலியாக இருந்தால் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஓரத்தில் இருக்கிற பேரைப் போடு என்றார் ஜெயசீலன்.

"இது வாப்பா பேருதான்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று மாஹிரா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வேற யார் பேரை எழுதுவாங்க, காலியா விட்டா திரும்பி வரும்மா, யல்லா, அடி என்று அவர் அவசரப்படுத்தினார். அவள் அடித்தாள். வட்ட முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த பிறகு ஜெயசீலனுக்கே மிச்சமிருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. பார்க்கிங்குக்கு வரும்போது அந்தப் பேர் 1878-லேயே அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்ததாக அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இளவேனில் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். கரையான் தின்ற போட்டோவையும் வாங்கிப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தாள். டங்கன் என்ற பேரும் டண்டீ என்ற ஊரும்தான் தெரிந்தன. அவள் சொன்ன சொல்லை மீறாதவள். அந்தக் குணம் எந்த தேசத்து ரத்தமோ, அப்பா வழி இல்லை. ஓகேப்பா, நான் சேதுகிட்ட சொல்லிடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் குரல் கேட்கவில்லை. ஆபீசுக்குப் போனாள், வந்தாள், தட்டில் இருந்ததைத் தின்றாள். பிரபாவதி புருஷனுக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சைப் போடவில்லை.

நாலாம் நாள் சேதுபதியின் மனு ஜெயசீலன் மேசைக்கே வந்தது. ஓமானில் சலாலாவில் கம்பெனிக்கு ஒரு சைட் இருந்தது, தன்னை அங்கே மாற்றித் தரும்படி கேட்டிருந்தான். இங்கே விசா ரத்து, அங்கே புது விசா, சாதாரணமாக ஒரு மாசம் இழுக்கும். ஜெயசீலன் தன் சர்வீசிலேயே இல்லாத வேகத்தில் ஒன்பது நாளில் முடித்தார். கையெழுத்துப் போட வந்த சேதுபதி வணக்கம் சொன்னான், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான், போனான். மறுநாள் சலாலாவுக்கு பஸ் ஏறிவிட்டான்.

காரியம் முடிந்ததா, சும்மா இருக்க வேண்டியதுதானே. ஜெயசீலனால் முடியவில்லை. அஜ்மானில் ஒரு பேங்க் மேனேஜர் குடும்பம் மாப்பிள்ளையோடு அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரும்போது ஹாலில் துரையின் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்தது. டண்டீயில் குடும்ப வரலாறு தேடித்தரும் சங்கம் ஒன்றுக்கு எழுதினார். தன் முன்னோர் இன்னார், இந்தியாவில் பெரிய தோட்ட முதலாளி, படமோ கல்லறையோ இருந்தால் அனுப்பவும் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் முடிந்து முசஃபாவில் காருக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டபோது பதில் வந்தது. எழுதியவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். நல்ல மனசுக்காரி, பாவம், ஒன்றுவிடாமல் தேடியிருந்தாள். அலெக்சாண்டர் டங்கன் சணல் மில்லில் மூட்டைகளுக்கு மார்க் குத்துகிற வேலை பார்த்தவர். 1851 முதல் 1901 வரை எடுத்த ஆறு மக்கள்தொகைக் கணக்கிலும் அவர் ஒரே தெருவில் இருக்கிறார். இந்தியாவுக்கு அவர் வந்ததாகத் தெரியவில்லை, அந்தத் தெருவைத் தாண்டியதாகவே தெரியவில்லை. அவருக்கு ஒரே மகன், அவன் பேரும் அலெக்சாண்டர். 1877-இல், எட்டு வயதில், விஷக் காய்ச்சலில் இறந்துபோனான்.

கூடவே ஒரு பழைய அச்சுப் பக்கமும் இருந்தது. டண்டீயில் மிஷனுக்குப் பணம் திரட்டிய பெண்கள் சங்கத்தின் 1879-ஆம் வருஷ அறிக்கை. அதில் திருநெல்வேலியிலிருந்து ஒரு மிஷனரி எழுதிய கடிதம். ஜெயசீலன் துரையின் தோட்டத்தைத் தேடிக்கொண்டே படித்தார். தோட்டம் வரவில்லை.

திரு டங்கன் தம்பதி, இறந்துபோன தங்கள் மகன் ஞாபகமாக, பஞ்சத்தில் அநாதையான ஒரு பையனுக்குச் சோறும் படிப்பும் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவனுக்குத் தங்கள் மகன் பேரையே வைக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று கடிதம் சொன்னது. பையன் பஞ்ச நிவாரணக் கல்லுடைப்பு வேலை நடந்த ரோட்டோரத்தில், செத்துக் கிடந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் கிடைத்தான். வயது ஆறு இருக்கலாம். அலெக்சாண்டர் என்று கூப்பிட்டால் இன்னும் தலையைத் திருப்புவதில்லை. சோற்றைத் தின்னாமல் மடியில் கட்டி வைக்கிறான். அப்பா பேர் என்னவென்று கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே பேர்தான்: அப்பா. இது இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் தகப்பனைக் கூப்பிடும் சொல், ஆகையால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம் என்று மிஷனரி எழுதியிருந்தார்.

ஜெயசீலன் முதலில் செய்த காரியம் அந்த மின்னஞ்சலை அழித்தது. வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அஜ்மான்காரர்கள் வரட்டும், படம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். காரை எடுத்துப் பட்டறை கேட் வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். மேலே போக முடியவில்லை. மடியில் சோற்றைக் கட்டி வைத்த அந்தப் பையன் காருக்குள் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டான், போகமாட்டேனென்கிறான். அவனுடைய பேரனுக்கு மகனாகப் பிறந்துவிட்டு, பேர் கொடுத்த மூட்டைக்காரருக்கு இத்தனை வருஷம் கோட்டை கட்டியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பத்தைந்து வயது மனுஷன், லாரிகள் ஹாரன் அடிக்க, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அழித்த மின்னஞ்சலைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தார். அதைக்கூட எப்படி எடுப்பதென்று தெரியாமல் கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் போனை இளவேனில் கையில் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள், பிரபாவதிக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தகப்பன் பேர் கேட்ட இடத்துக்கு வந்தபோது அவள் குரல் உடைந்தது. பிரபாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ உங்க பேப்பர்ல அப்பா பேர் எப்படிப்பா வந்துச்சு?" என்று இளவேனில் கேட்டாள்.

"நான்தாம்மா போடச் சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

ஆமாமென்றால் பொய்க்காரன், இல்லையென்றால் முட்டாள். இரண்டில் எது தேவலை என்று ஜெயசீலன் யோசித்தார். இரண்டும்தான் என்று பிரபாவதி அவருக்காகப் பதில் சொன்னாள். இருபது நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அப்புறம் கொட்டினாள்.

"ஒரு பஞ்சத்துப் பிள்ளைக்கு யாரோ புண்ணியவான் சோறு போட்டதுனால நீங்க இன்னைக்கு நிக்கீங்க. அந்தப் பிள்ளைய மாதிரியே வளந்தவன ஊர விட்டே அனுப்பிட்டீங்களே, ஒன்பதே நாளுல. எனக்கு ஒரு காஸ் சிலிண்டர் மாத்தித் தர பத்து நாளாக்குத மனுஷன்."

நாம் போட்ட பந்தயம் செல்லாது, பேப்பர் பொய், நீ கொடுத்த சொல்லும் செல்லாதம்மா என்று ஜெயசீலன் மகளிடம் சொன்னார். அஜ்மானுக்கு நானே போன் செய்து வரவேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். இளவேனில் அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேது இப்போ என் போனை எடுக்கறதில்ல, நான்தான் எடுக்காதேன்னு சொன்னேன் என்றாள்.

அப்படியானால் நான் கூப்பிடுகிறேன் என்று ஜெயசீலன் போனை வாங்கினார். மந்தூப் போனை எடுக்காத தொழிலாளி வளைகுடாவிலேயே கிடையாது. இரண்டாவது மணியில் சேதுபதி எடுத்தான். பின்னால் கிரைண்டர் சத்தம், காற்றுச் சத்தம். ஜெயசீலன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க சார். பேப்பர் ஏதாவது குறையுதா?"

ஒன்றும் குறையவில்லை என்றார் ஜெயசீலன். தான் செய்தது பெரிய தப்பு என்றார், இளவேனில் விஷயத்தில் இனித் தன்னால் ஒரு தடையும் இருக்காது என்றார். விசாவைத் தானே பேசித் திருப்பி அடித்துத் தருவதாகவும், நாளைக்கே கிளம்பி வந்துவிடும்படியும் சொன்னார். சொல்லச்சொல்ல அவருக்கே பழைய தெம்பு கொஞ்சம் வந்துவிட்டது. டிக்கெட்டை நானே போடுகிறேன் என்றுகூடச் சொன்னார்.

அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. சேதுபதி சத்தத்தை உயர்த்தாமல், நாற்பது வெல்டர்களிடம் பேசுகிற அதே நிதானத்தில் பேசினான்.

"நீங்க போன்னு பேப்பர் போட்டீங்க, போனேன் சார். வான்னு பேப்பர் போட்டாலும் வருவேன். ஆனா அது டூட்டிக்கு வர்றது. வீட்டுக்கு வரணும்னா அவ கூப்பிடட்டும்."

ஜெயசீலன் சரி என்றார். போனை மகளிடம் கொடுத்தார். தன் வீட்டு ஹாலில் தனக்கு இனி வேலை ஒன்றுமில்லை என்று புரிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார்.